சாவா மூவா சர்வர்

மயிலத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் பிரிந்து உள்ளே போனால் திருவக்கரை. பௌர்ணமி வந்துவிட்டால் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் அள்ளும். எல்லாம் வக்ரகாளியம்மன் கூட்டம். அதே ஊரில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே கூட்டம் கம்மி. அதுதான் கல்மரப் பூங்கா.

செம்மண் மேட்டில் மரங்கள் அக்கடா என்று படுத்துக் கிடக்கின்றன. கிட்டே போய்ப் பாருங்கள். நார், கணு, வளையம் எல்லாம் அச்சு அசல் மரம். தட்டிப் பாருங்கள். கல்! சுமார் 2 கோடி வருடங்களுக்கு முன்னால் மண்ணுக்குள் புதைந்து, மரம் இருந்த இடத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக சிலிக்கா புகுந்து, கடைசியில் மரம் போய்க் கல் மட்டும் மிஞ்சியது. பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொனரா 1781-ல் இவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இப்போது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிற தேசிய கல்மரப் பூங்கா இது.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ஒரு மரத்துக்கும் வேர் இல்லை. கிளை இல்லை. இலை இல்லை. அதை வைத்துத்தான், இவை இங்கே முளைத்தவை அல்ல, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இது என்ன மரம் என்று கண்டுபிடிக்க, கல்லை மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, செல் செல்லாகப் பார்க்க வேண்டியிருந்தது. சில மரங்களைப் புளிய மரத்துக்குச் சொந்தம் என்றார்கள், சிலவற்றை ஆமணக்குக் குடும்பத்தில் சேர்த்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆள் முழுசாக இருக்கிறார். அடையாள அட்டைதான் தொலைந்துவிட்டது. ஒரு பொருளோ தகவலோ ஒரு பக்கம், ‘அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்காக’ என்கிற விவரம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது சமாசாரத்துக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மெட்டாடேட்டா. டப்பாவுக்குள் இருப்பது சாம்பார்ப் பொடி என்றால், டப்பா மேலே ஒட்டியிருக்கும் சீட்டு மெட்டாடேட்டா. சீட்டு கிழிந்தால் பொடி கெட்டுப் போவதில்லை. ஆனால் காபியில் கொட்டிவிடுகிற அபாயம் உண்டு!

சீட்டு கிழியாமல் பார்த்துக்கொள்வது எப்படி? கேட்ட நேரத்தில் கேட்டவருக்கு அதைக் காட்டுவது எப்படி? இன்றைய கிளவுட் இன்ஜினீயர்களுக்கு இதுதான் தலைவலி. இதே திருவக்கரையில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு கோயிலைக் கல்லால் கட்டிய பெண்மணிக்கும் இதே தலைவலி இருந்தது. அவரிடம் அப்புறம் போவோம். முதலில் கம்ப்யூட்டர்கள் பிறக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு விசிட்.

* * *

கிளவுட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள். அது தரையில், ஏ.சி. போட்ட ஹாலில், அலமாரி அலமாரியாக அடுக்கிய சர்வர்கள்தான். அந்தப் பெரிய இயந்திரங்களுக்குள்ளே, சாஃப்ட்வேர் மூலமாகவே சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்களை உண்டாக்கலாம். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். வேண்டும்போது ஒன்று பிறக்கும். வேலை முடிந்ததும் காணாமல் போகும். 2006-ல் அமேசான் இதை மணிக்கணக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தது.

‘என் சரக்கை அடுத்தவன் குடோனில் வைக்க மாட்டேன்’ என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டே. அவர்களுக்காக வந்தது பிரைவேட் கிளவுட். அதே வசதி, நம் சொந்தக் கட்டடத்தில். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ‘நெபுலா’ என்று ஒன்றை உருவாக்கியது. ராக்ஸ்பேஸ் என்ற கம்பெனியும் கைகோத்தது. 2010 ஜூலையில் இரண்டு பேரும் சேர்ந்து ‘ஓப்பன்ஸ்டாக்’ என்ற சாஃப்ட்வேரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கு விட்டார்கள். நம் ஊர் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம், ‘மேக்ராஜ்’ திட்டத்தின் கீழ் அரசுத் துறைகளுக்கான கிளவுட் சேவையை 2014-ல் தொடங்கியது. மேகங்களின் ராஜா!

சரி, இதில் மெட்டாடேட்டா எங்கே வருகிறது?

இந்தச் சின்னக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரே நேரத்தில் நூறு இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் எப்படி இருக்கும்? எது யார் வீட்டுக் குழந்தை? அதற்குத்தான் நர்ஸ் கையில் பெயர் எழுதிய பட்டையைக் கட்டுகிறார். பிறந்த கம்ப்யூட்டர் கண் திறந்ததும் முதல் வேலையாகக் கேட்கிற கேள்வி, ‘நான் யார்?’ அது ரமணர் கேட்கச் சொன்ன கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இதற்குத் தேவை ஞானம் அல்ல, விவரம். என் பெயர் என்ன? எந்தச் சாவியோடு வருபவரை உள்ளே விட வேண்டும்? கண் விழித்ததும் நான் செய்ய வேண்டிய வேலை என்ன?

இந்தக் கேள்வியை அது ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு அனுப்பும். 169.254.169.254. ஓப்பன்ஸ்டாக்கிலும் அதே எண்தான், அமேசானிலும் அதே எண்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 169.254 என்று தொடங்குகிற முகவரிகள் தெருவைத் தாண்டாது. ஊருக்கு ஊர் ‘வி.ஏ.ஓ.’ என்று கேட்கிறோம் இல்லையா? ஆள் வேறு வேறு, பதவிப் பெயர் ஒன்று. அந்த மாதிரி. எந்த மூலையில் பிறந்தாலும் குழந்தைக்கு ஒரே ஒரு எண் தெரிந்தால் போதும். அங்கே பதில் சொல்பவர்தான் மெட்டாடேட்டா சர்வீஸ்.

நர்ஸ் தூங்கிவிட்டால்?

ஏற்கெனவே பட்டை கட்டிய குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை பாட்டுக்கு வளரும். புதிதாகப் பிறப்பவைதான் மாட்டிக்கொள்ளும். உயிர் இருக்கும், பெயர் இருக்காது. சாவி தெரியாததால் உள்ளே யாரும் நுழைய முடியாது. திருவக்கரைக் கல்மரம் மாதிரி சும்மா கிடக்கும். விபரீதம் என்னவென்றால், சர்வீஸ் படுத்த அந்த நிமிடம் யாருக்கும் தெரியாது. எல்லாம் சுகமாக ஓடுகிற மாதிரி இருக்கும். என்றைக்குக் கூட்டம் அலைமோதி, அவசரமாகப் புது இயந்திரங்கள் தேவைப்படுகிறதோ, அன்றைக்குத்தான் குட்டு உடையும். பரீட்சை ரிசல்ட் அன்று, ரயில் டிக்கெட் திறக்கிற காலையில். அதாவது, வேண்டாத நாளில் கெட்டு, வேண்டிய நாளில் கைவிரிக்கிற வியாதி.

ஆரம்ப கால அமைப்புகளில் இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே ஒரு நெட்வொர்க் இயந்திரம் வழியாகப் போகிற மாதிரி வைத்திருந்தவர்கள் நிறைய. அது விழுந்தால் மொத்த ஆஸ்பத்திரிக்கும் நர்ஸ் கிடையாது.

* * *

ஒற்றை ஆளை நம்புகிற வழக்கம் நமக்குப் புதிதா என்ன? தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரம்பரைக் கர்ணம் பதவி 1980-ல் ஒழிக்கப்படும்வரை, நிலத்தின் ஜாதகம் மொத்தமும் அவர் கையில்தான். எந்த சர்வே நம்பர் யாருடையது, எவ்வளவு தீர்வை, எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு... அவரைக் கேட்டால்தான் தெரியும். அவர் வெளியூர் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். அவர் மனசு வைக்காவிட்டால்? அதற்கும் காத்திருக்க வேண்டும்! நிலம் அங்கேயேதான் இருக்கிறது. நிலத்தைப் பற்றிய விவரம்தான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இதைச் சோழர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். இப்போது அந்தப் பெண்மணியைச் சந்திக்கலாம். செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழனின் தாயார். இளம் வயதில் கணவரை இழந்தவர், மிச்ச வாழ்நாளைச் செங்கல் கோயில்களைக் கருங்கல் கோயில்களாக மாற்றுவதில் செலவழித்தார். விருத்தாசலம், ஆடுதுறை என்று நீளும் அந்தப் பட்டியலில் திருவக்கரை சந்திரமௌலீஸ்வரர் கோயிலும் உண்டு. அப்போது ராஜராஜன் ஆட்சி.

பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டும்போது ஒரு சிக்கல். பழைய சுவரில் கல்வெட்டுகள் இருக்குமே? இன்னார் இன்ன நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தார், எல்லை இது, இதன் வருமானத்தில் இந்த விளக்கு எரிய வேண்டும் என்ற விவரங்கள். சுவரோடு அதுவும் போனால், நிலம் இருக்கும், விளக்கு இருக்கும், எந்த நிலத்துக்கு எந்த விளக்கு என்பது இருக்காது.

காவிரிக் கரையில் திருக்கோடிகாவல் கோயிலைக் கல்லில் எடுத்துக் கட்டியபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? பழைய கற்களில் இருந்த பல்லவர், பாண்டியர் கால சாசனங்களைப் புதிய சுவரில் திரும்ப வெட்டவைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட சாசனங்கள். அதோடு விடவில்லை. இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டினார்கள். ‘பழங்கற்படி’ என்பது அவர்கள் வார்த்தை. இன்றைய பாஷையில், சர்வரை மாற்றும் முன் பேக்கப் எடுத்து, ‘இது நகல்’ என்று முத்திரையும் குத்தியாயிற்று! மெட்டாடேட்டாவுக்கே ஒரு மெட்டாடேட்டா.

கல் மட்டும் இல்லை. ராஜா வாயால் சொன்ன உத்தரவு முதலில் ஓலையில் ஏறும். அதிகாரிகள் ஒப்புவார்கள். அரசாங்கத்தின் வரிப் பதிவேட்டில் ஏறும். சில சமயம் செப்பேட்டிலும் வெட்டுவார்கள். நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தை ராஜராஜன் தன் 21-வது ஆட்சியாண்டில் கொடுத்தார். அதற்கான செப்பேட்டை வெட்டித் தந்தது மகன் ராஜேந்திரன் காலத்தில். கொடுத்தவர் போனாலும் கொடுத்த விவரம் போகக்கூடாது! ஹாலந்து போய்ச் சேர்ந்து, லெய்டன் செப்பேடு என்று பெயர் வாங்கியது அதுதான். மொத்தம் 21 தகடுகள். அவற்றைக் கோத்த வளையத்தில் சோழ முத்திரை.

நான் காமர்ஸ் படித்தவன். ஜர்னலில் ஒன்று, லெட்ஜரில் ஒன்று, கையில் வவுச்சர் ஒன்று என்று மூன்று இடத்தில் எழுதி, மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ஓலை, செப்பேடு, கல் என்ற வரிசையைப் படிக்கும்போது ஏதோ பழைய வாத்தியாரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் கதை உண்டு. தேவார ஏடுகள் சிதம்பரத்தில் பூட்டிய அறைக்குள் கிடந்து, ராஜராஜன் போய்த் திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது என்று புராணம் சொல்கிறது. அது புராணம். இது நடந்தது: சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் எந்த ஏட்டிலும் கிடைக்காமல் இருந்து, 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கல்லிலும் ஒரு நகல் வெட்டி வைத்ததால் பிழைத்தது.

* * *

இருந்தாலும், நகல் எடுத்து வைப்பது பாதி வேலைதான். பரணில் இருக்கிற பத்திரத்தால், ஆபீஸ் வாசலில் நிற்கிறவருக்கு என்ன பிரயோஜனம்? கேட்ட உடனே பதில் வர வேண்டும். எப்போதும் வர வேண்டும். இதற்கும் சோழ நாட்டில் ஒரு சூத்திரம் இருந்தது. ஆட்டுச் சூத்திரம்!

கோயிலில் நந்தா விளக்கு எரிய வேண்டும். அணையாத விளக்கு. அதற்குத் தினம் ஓர் உழக்கு நெய். நெய்க்காக 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். ஆடு சாகாதா? கிழடு தட்டாதா? தட்டும். ஆனாலும் கல்வெட்டில் அந்த மந்தைக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள். ஒன்று செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். தனி ஆட்டுக்குச் சாவு உண்டு, மந்தைக்குக் கிடையாது. எண்ணிக்கை 96 குறையக்கூடாது, விளக்கு அணையக்கூடாது. இடையரே செத்தாலோ, ஊரைவிட்டு ஓடினாலோ? அவருக்காகப் பிணை நின்ற மற்ற இடையர்கள் நெய் ஊற்ற வேண்டும் என்று எழுதி வாங்கிய கல்வெட்டுகளும் உண்டு.

கிளவுட் இன்ஜினீயர்கள் ‘ஹை அவெய்லபிலிட்டி’ என்று சொல்வது அட்சரம் பிசகாமல் இதுதான். சாகாத இயந்திரத்தை யாராலும் செய்ய முடியாது. சாகாத மந்தையைச் செய்யலாம்.

எப்படி? ஓப்பன்ஸ்டாக்கை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பதில் சொல்கிற ஆளைப் பெருக்குவது. மெட்டாடேட்டா சர்வீஸை ஒரு இயந்திரத்தில் ஓட்டாமல் மூன்றில் ஓட்டுவார்கள். முன்னால் ஒரு பொது முகவரி. அந்த முகவரியை ஒரு இயந்திரம் வைத்திருக்கும். அது விழுந்தால் சில நொடிகளில் அடுத்தது அதே முகவரியை எடுத்துக்கொள்ளும். கேட்பவருக்கு ஆள் மாறியதே தெரியாது. பிணை நின்ற இடையர்! நெட்வொர்க்கின் ரவுட்டர்களுக்கே இந்த ஏற்பாடு 2014-ல் ஓப்பன்ஸ்டாக்குக்குள் வந்தது.

இரண்டாவது, ஆளைப் பக்கத்தில் வைப்பது. குழந்தை பிறக்கிற ஒவ்வொரு பெரிய சர்வரிலேயும் ஒரு நர்ஸ். ஏஜென்ட் என்பார்கள். மொத்த ஆஸ்பத்திரிக்கும் ஒரே நர்ஸ் என்ற நிலை போய், வார்டுக்கு ஒருவர். ஒரு நர்ஸ் மயங்கி விழுந்தால் அந்த வார்டு மட்டும்தான் தவிக்கும். ஆனால் ஒன்று, பெயர்ப் பட்டியல் இருப்பது தலைமை அலுவலகத்தில். நர்ஸ் கேள்வியை வாங்கி அங்கே அனுப்புகிறார். ஆகவே இரண்டு பக்கமும் விழாமல் நிற்க வேண்டும்.

மூன்றாவது, முத்திரை. 12-ம் நம்பர் வீடு எல்லாத் தெருவிலும் உண்டு. அதே மாதிரி, இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகளில் ஒரே எண் கொண்ட கம்ப்யூட்டர்கள் இருக்கலாம். கேட்பது யார் என்று ஏஜென்ட்தான் தெரு பார்த்துக் கண்டுபிடித்து, ‘இவர் இன்னார்’ என்று எழுதி, ரகசியச் சொல்லை வைத்து ஒரு கையொப்பம் போட்டு அனுப்புகிறது. தலைமை அலுவலகத்தில் அதே ரகசியச் சொல் இருந்தால்தான் கையொப்பம் ஒத்துப்போகும். சோழ முத்திரை இல்லாத செப்பேட்டை யார் மதிப்பார்கள்? மூன்று நகல் ஓட்டிவிட்டு ஒன்றில் மட்டும் பழைய ரகசியச் சொல்லை விட்டுவைத்தால் வேடிக்கைதான். மூன்று கேள்விக்கு ஒரு கேள்வி தோற்கும். ‘சில சமயம் வருது, சில சமயம் வரல’ என்று ஆட்கள் முடியைப் பிய்த்துக்கொள்வார்கள்.

நான்காவது, பட்டியல் இருக்கிற டேட்டாபேஸ். இதுதான் சிக்கலே. இரண்டு பிரதிகள் வைத்து, இடையில் கேபிள் அறுந்துபோனால், இரண்டுமே ‘நான்தான் ஒரிஜினல்’ என்று கிளம்பிவிடும். எதை நம்புவது? அதனால் மூன்று வைக்கிறார்கள். இரண்டு பேர் ஒரு பக்கம் இருந்தால் அவர்கள் சொல்வதே தீர்ப்பு. தனியே மாட்டிக்கொண்ட மூன்றாமவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தப்பான பதிலைவிட மௌனம் மேல். போலிச் செப்பேடுகள் நம் சரித்திரத்தில் ஏராளம். கையில் ஒரே ஒரு பிரதி இருந்தால் அது அசலா போலியா என்று தீர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கல்வெட்டு ஆராய்ச்சியாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

* * *

‘இது இன்ஜினீயர்கள் கவலை, நமக்கென்ன?’ என்று நினைக்கிறீர்களா?

பட்டா, சிட்டா, ரேஷன், பென்ஷன், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஏதோ ஒரு ஹாலில் இருக்கிற சர்வருக்குப் போய்விட்டது. கர்ணம் வீட்டுத் திண்ணைக்குப் பதிலாக கவுன்ட்டர் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் வானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, மகள் கல்யாணத்துக்காக அரை ஏக்கரை விற்க வருகிற விவசாயியிடம் ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்றால் அவருக்குப் பழைய திண்ணைக்கும் புதுக் கவுன்ட்டருக்கும் என்ன வித்தியாசம்? காத்திருப்பு அதே காத்திருப்பு. அந்த ‘டவுன்’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் கரன்ட் போனது, கேபிள் அறுந்தது, பெயர் தெரியாமல் முழித்த இயந்திரம் என்று எத்தனையோ காரணங்கள் ஒளிந்திருக்கும். அவருக்கு அது தேவையில்லை. அவர் கேள்விக்குப் பதில் தேவை.

ஆகவே, ஒரு ஆபீஸைக் கம்ப்யூட்டர்மயமாக்கிவிட்டோம் என்று யாராவது மைக் பிடித்தால், நாம் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். இது விழுந்தால் பதில் சொல்ல அடுத்து யார்? அந்த இரண்டாவது ஆளும் இதே கட்டடத்தில், இதே கரன்ட் கம்பியில்தான் தொங்குகிறாரா? கடைசியாக, முதல் ஆளை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, இரண்டாவது ஆள் எழுந்திருக்கிறாரா என்று எப்போது பார்த்தீர்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அவசரத்துக்கு வைத்திருக்கும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று டயர் வெடித்த பிறகு பார்த்து லாபமில்லை. சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டிவிட்டதால் ஆடுகள் சாகாமல் இருந்துவிடவில்லை. யாரோ ஒருவர் அவ்வப்போது மந்தையை எண்ணிப் பார்த்தார். 96 இருந்ததா என்று கேட்டார். குறைந்த இடத்தில் குட்டியை நிறுத்தச் சொன்னார். எண்ணுவதை எந்த ஊர் நிறுத்தியதோ, அந்த ஊரில் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. விளக்குதான் இல்லை.